காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

“என் தலை, என் நரை. உனக்கு எங்கக்கா வலிக்குது?”

இப்படித்தான் கேட்டாள். நான் ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூடப்பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது, நீங்களே சொல்லுங்கள். அவள் தலையையா கேட்டேன்? நரையை மறை என்றேன். ஊரில் யார் மறைக்கவில்லை? எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் மீசைக்குச் செய்கிறார். வார்டு கவுன்சிலர் புருவத்துக்கும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து ஓட்டுக் கேட்கிறார். இவளுக்கு மட்டும் என்ன, வானத்திலிருந்து இறங்கிய நரையா?

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அங்கே வெயில் அடிக்கிறது. என் கைக்கட்டைப் பார்த்துத்தானே கேட்டீர்கள், ‘என்னம்மா, வழுக்கி விழுந்துட்டீங்களா?’ என்று. வழுக்கி விழுகிற ஆள் நான் இல்லை. உடைத்தது அவள். என் தங்கை தாட்சாயணி. இந்தக் கதவுக்குப் பின்னால், உங்கள் மாமியாருக்கு அடுத்த கட்டிலில், கண் இரண்டும் வீங்கி மூடிப் படுத்திருக்கிறாளே, அவள்தான். பார்த்திருப்பீர்கள். பார்த்து ஐயோ பாவம் என்றும் சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் சொல்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்தால், இவள் ஒருத்தியின் மணிக்கட்டை ஒடித்தவள் என்று யார் நம்புவார்கள்? சாயங்காலம் அவுட்போஸ்ட்டிலிருந்து போலீஸ்காரப் பெண் வந்து அவளிடம் விசாரிக்கப் போகிறாளாம். என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். என்னை! அதனால்தான் உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு யாரும் பேசக் கூடாது பாருங்கள்.

எங்கள் அம்மா போனபோது எனக்குப் பதினாறு, இவளுக்கு எட்டு. அப்பா இருந்தார். வீட்டில் பீரோ இருந்தது, அப்பா இருந்தார், அப்படி. வளர்த்தது நான். நான் படித்தது கான்வென்ட். அங்கே சிஸ்டர் ஹில்டா என்று ஒருத்தர். மர ஸ்கேலைப் படுக்கப் போட்டு அடிக்கமாட்டார், நிமிர்த்திப் பிடித்து, விளிம்பால், விரல் முட்டியில். வலியில் ‘அம்மா’ என்று தமிழில் கத்தினால் அதற்குத் தனியாக ஒன்று. அந்த அடியில்தான் எனக்குக் கணக்கு வந்தது, கிராமர் வந்தது, கையெழுத்து அச்சடித்த மாதிரி வந்தது. அதே முறையில் தாட்சாவை வளர்த்தேன். சாப்பாட்டில் மீதி வைத்தால் கரண்டி. வாய்ப்பாடு மறந்தால் ஸ்கேல். பல் தேய்க்காமல் வந்து நின்றால் பிரஷ்ஷின் பின்பக்கம். கண்மண் தெரியாமல் அடிக்கிறவள் இல்லை நான். கண், காது, அடிவயிறு, இந்த மூன்றிலும் படாமல் பார்த்துத்தான் அடிப்பேன். எத்தனை அம்மாக்களுக்கு அந்த நிதானம் இருக்கும்?

அழமாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. வாங்கிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வைக்காக இன்னொன்று விழும்.

வளர்ந்து என்ன ஆனாள் தெரியுமா? பி.டி. டீச்சர். பெண்கள் ஸ்கூலில் விசில் ஊதிக்கொண்டு, வெயிலில் கறுத்துக்கொண்டு. குண்டு எறிதலில் மாநிலம் வரை போனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறைதான் அவளுக்கு. ‘சீர்வரிசையோட சேத்து அனுப்பிட்டாங்க’ என்று இவர், என் வீட்டுக்காரர், ஆரம்பத்தில் கிண்டல் செய்வார். என் மகன் நிரஞ்சனைத் தூக்கி வளர்த்தது அவள்தான், அதை நான் மறைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் தெரியும், தேக்குக் கட்டை. அந்தக் கையை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, என் மேல் ஓங்கியது கிடையாது. நாற்பது வயசுக்கு மேலும் நான் கன்னத்தில் ஒன்று வைத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் மாடிக்குப் போய்விடுவாள். அவ்வளவு மரியாதை. வளர்ப்பு அப்படி.

நரை எங்கள் அப்பா வழி. முப்பது தாண்டினால் பூத்துவிடும். எனக்கும்தான். என்ன பார்க்கிறீர்கள்? இது நிஜமென்றா நினைத்தீர்கள்? பரவாயில்லை, பெனாசிர் நன்றாகத்தான் செய்கிறாள். எங்கள் தெருமுனையில் பார்லர் வைத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்துவிடுவேன். வகிட்டில் ஒரு நூல் வெள்ளை தெரிய விடமாட்டேன். இவருக்குத் தெரியாது. தெரியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருக்கிற நல்ல குணம் அவருக்கு உண்டு.

தாட்சா என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. இடுப்பு வரை பின்னல், பின்னல் முழுக்க வெள்ளை. பஞ்சுத் திரி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றுகிறாள். கேட்டால் சிரிப்பு.

நிரஞ்சனுக்குப் பெண் பார்க்கத் திருப்பூர் போனோம். நல்ல இடம். பெண்ணும் லட்சணம். பேச்செல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் பெண்ணின் அம்மா தாம்பூலத் தட்டோடு வந்தார். எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மூத்தவளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். நான் எழுந்து, புடவையைச் சரிசெய்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டிப் போனார். தாண்டிப் போய் தாட்சா முன்னால் நின்று, “மூத்தவங்க நீங்கதான் முதல்ல எடுத்துக்கோணும்” என்றார். அதோடு விட்டாரா? பெண்ணைக் கூப்பிட்டு, “பெரியத்தை கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ கண்ணு” என்றார்.

பெரியத்தை! நீட்டின கையை நான் எங்கே வைத்துக்கொள்வது?

தாட்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நான் சின்னவங்க, அவங்கதான் அக்கா’ என்று. சொல்லவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து, “நல்லா இரும்மா” என்று ஆசீர்வாதம் வேறு.

காரில் வரும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புடவை மடிப்புக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையைப் பிடித்துத் திருகினேன். தாராபுரம் வரை விடவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் இவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் கேட்டேன். “ஏன்டி வாயைத் திறக்கல?”

“திறந்து என்னன்னு சொல்ல? ‘நான் சின்னவ, என் தலை நிஜம். இவ பெரியவ, இவ தலை பெயின்ட்’ன்னா?”

கையில் ஹேண்ட்பேக் இருந்தது. அதாலேயே தோளில் நாலு போட்டேன். கொக்கி அறுந்து சில்லறையெல்லாம் ஹாலில் உருண்டது. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். குனிந்த முதுகிலும் ஒன்று. “நிச்சயத்துக்கு இந்தத் தலையோட நீ வரக்கூடாது. கலர் பண்ணிக்கோ” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். எங்கக்கா வலிக்குது என்று.

எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? நிச்சயத்துக்கு இருநூறு பேர் வருவார்கள். என்றைக்காவது ஒருநாள், அவள்தான் சின்னவள் என்று தெரியாமலா போகும்? சின்னவள் தலையே இப்படியென்றால் பெரியவள் தலை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடமாட்டார்களா? அவள் நரைத்தால் அது அவள் தலையில் நிற்பதில்லை. என் தலையில் வந்து ஏறுகிறது. இதைச் சொன்னால் புரியாது அவளுக்கு.

“எனக்கு அது ஒத்துக்காதுக்கா. ஆண்டு விழாவுல பிள்ளைங்க கறுப்பு மருதாணி வச்சுவிட்டு கை வெந்து கொப்புளிச்சது மறந்துபோச்சா?” என்றாள்.

அது ரோட்டில் விற்கிற மருதாணி. எதைக் கரைத்து வைத்தானோ. நான் சொன்னது பார்லர் சரக்கு. புரொஃபஷனல். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையா? சாக்கு. எல்லாம் சாக்கு.

மறுநாளே பெனாசிரிடம் போனேன். ஆல்பம் ஒன்றை எடுத்துப் போட்டாள். கல்யாண ஆல்பம் அளவு இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அணில் வாலை நறுக்கி ஒட்டின மாதிரி குட்டிக் குட்டி முடிக் கற்றைகள், கீழே நம்பர். ஒன்று என்றால் கறுப்பு. நம்பர் ஏற ஏற வெளுக்கும். தடவித் தடவிப் பார்த்தேன்.

“கறுப்புக்குப் போகாதீங்கக்கா,” என்றாள் பெனாசிர். “முழு வெள்ளையில கறுப்பு அடிச்சா தொப்பி மாட்டின மாதிரி உக்காந்துக்கும்.”

“எனக்குப் பாடம் எடுக்காதே. நான் நாலு போடுறேன். அவளுக்கு மூணு எடு.”

“இந்தச் சிவப்பு கலந்தது அழகா இருக்கும்க்கா.”

“அழகா இருக்கும், பத்து நாள்ல தேங்காய் நாராயிடும். அவ பூரா நாளும் வெயில்ல நிக்கிறவ. வெறும் பிரவுனைக் காட்டு.”

“வெள்ளை முடி முரடுக்கா, சட்டுனு பிடிக்காது. பொறுமையா அடியிலருந்து தடவணும். ஆளைக் கூட்டிட்டு வாங்களேன்.”

“வரமாட்டா. நீ கலந்து போடுற முறையைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

மூன்றாம் நம்பரைத்தான் எடுத்தேன். என்னைவிட ஒரு படி கறுப்பு. பார்த்ததுமே என்னைவிட இளையவள் என்று தெரிய வேண்டும் அல்லவா? இளமையை நானாக எடுத்து அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன். எந்த அக்கா செய்வாள் சொல்லுங்கள்.

ட்யூப்பைக் கையில் கொடுக்கும்போது பெனாசிர் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். புதுசாகப் போடுகிற யாராக இருந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து அனுப்புவாள். இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, அரிப்பு, தடிப்பு ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தலைக்கு. “அவங்க காதுல பொட்டு வைக்காம நான் தரமாட்டேன்க்கா” என்று ட்யூப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தாட்சா வருவாளா? வரமாட்டாள். நான் என்ன செய்தேன், நாற்காலியில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, “எனக்கு வை” என்றேன்.

“உங்களுக்கு எதுக்குக்கா? நீங்கதான் வருஷக்கணக்கா போடுறீங்களே.”

“அவளும் நானும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒரே ரத்தம். எனக்கு ஒத்துக்கிட்டா அவளுக்கும் ஒத்துக்கும். வை.”

“அப்படியெல்லாம் இல்லக்கா...”

“பெனாசிர், நான் இந்தத் தெருவுல எத்தனை பேரை உன்கிட்ட அனுப்பியிருக்கேன்?”

வைத்தாள். மூன்றாம் நம்பரைக் குழைத்து, பஞ்சால் தொட்டு, என் வலது காதுக்குப் பின்னால். இரண்டு நாள், கேளுங்கள், இரண்டு நாள் நான் தலைக்குக் குளிக்கவில்லை. பொட்டு தலையணையில் ஒட்டிவிடக் கூடாதென்று ஒரே பக்கமாகப் படுத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அடிக்கடி கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாருக்காக? சொல்லுங்கள், யாருக்காக? ஒரு தடிப்பு இல்லை. ஒரு சிவப்பு இல்லை. ட்யூப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம். நிரஞ்சன் மண்டபத்துக்குப் போயிருந்தான். தாட்சா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மாடியில் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் தலையைச் சாய்த்து முடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். நான் கிண்ணமும் பிரஷ்ஷுமாகப் பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். முதல் தீற்றல் உச்சந்தலையில் விழுந்ததும் துள்ளினாள்.

விட்டால் எழுந்துவிடுவாள். முடியை மொத்தமாகக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தேன். ஒரு முழங்காலை அவள் தோளில் வைத்து அழுத்தினேன். “விடுக்கா” என்றாள். “அசைஞ்சா பிடுங்கிடுவேன்” என்றேன். அசைந்தாள். கொத்தாகக் கையோடு வந்தது கொஞ்சம். வெள்ளை முடி, வேரில் ஒரு பொட்டு ரத்தம். கிண்ணம் சரியப் பார்த்தது, அதைப் பிடிக்கிற அவசரத்தில் பிரஷ்ஷின் காம்பால் காதோரத்தில் ஒன்று போட்டேன். பிடரியில் மூன்றோ நாலோ. கீழே இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டுவது கேட்டது. நல்ல மேட்ச் போல.

“அக்கா, ஒத்துக்காதுன்னு சொல்றேன்ல. சொன்னாக் கேளுக்கா.”

“எனக்கு ஒத்துக்கிச்சு. உனக்கும் ஒத்துக்கும்.”

உடம்பைத் தளரவிட்டுவிட்டாள். நினைத்திருந்தால் ஒரு உதறலில் என்னைச் சுவரில் ஒட்டியிருப்பாள், அந்தக் கைக்கு அது ஒரு வேலையா? செய்யவில்லை. தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை, பெனாசிர் சொன்ன மாதிரியே, ஒரு இழை விடாமல் பூசினேன். ஊறவைத்து நானே அலசியும் விட்டேன். சின்ன வயசில் குளிப்பாட்டின மாதிரி. காய்ந்ததும் பார்க்க வேண்டுமே! என்ன பளபளப்பு, என்ன நிறம்! முப்பது வயசுப் பெண்ணைப் போல இருந்தாள். கண்ணாடியைக் கொண்டுபோய் முன்னால் பிடித்தேன். பார்க்கவில்லை. “அரிக்குது” என்றாள். அவ்வளவுதான். நன்றி இல்லாத ஜென்மம்.

மறுநாள் காலை. வாசலில் கார் நிற்கிறது. நான் பட்டுப்புடவையில், நகையெல்லாம் போட்டு, தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடிப்படியில் சத்தம். திரும்பினால், சுவரைத் தடவித் தடவி இறங்குகிறாள்.

“அக்கா, கண்ணு திறக்கலக்கா.”

“நடிக்காதே” என்றேன். பின்னே? கிளம்புகிற நேரத்தில் வந்து நின்றால்? மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நெற்றி உப்பி இமை மேல் வழிந்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுதான். காது இரண்டும் பொரித்த அப்பளம். முடிக்குள்ளிருந்து நீர் வடிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் மனுஷிதானே, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டேன். ஆனால் அங்கே இருநூறு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்களே.

“கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ. ஓரமா உட்காந்துக்கோ. யாரும் உன் முகத்தைப் பாக்க வரல, தலை மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா. மூச்சு முட்டுது.”

“ரெண்டு மணி நேரம். தட்டு மாத்தினதும் நானே கூட்டிட்டுப் போறேன். எந்திரி.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோளைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. ரவிக்கை கிழிந்ததுதான் மிச்சம். “மாட்டேன்” என்றாள். எட்டு வயசிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத வார்த்தை. கையை ஓங்கினேன்.

பிடித்தாள்.

கண் தெரியாது அவளுக்கு, பாருங்கள். கண் சுத்தமாகத் தெரியாது. காற்றில் வருகிற என் கையை, மணிக்கட்டில், சரியாகப் பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று இன்னும் யோசிக்கிறேன். என் கை எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வேகத்தில் வரும் என்று அத்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது அவளுக்கு. அவசரமே இல்லாமல் ஒரு முறுக்கு முறுக்கினாள். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. நான் அலறினேன். தமிழில்தான் அலறினேன். அவள் விடவில்லை. ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டே, அந்த மூடின கண்ணோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சன் பட்டுவேட்டியோடு ஓடிவந்தான். அவள் விரலை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்துவிட்டான். என் கையைப் பார்ப்பான் என்று நீட்டினேன். அவன் சித்தியின் பிடரியைப் பார்த்தான். முடி பிய்ந்த இடத்தைப் பார்த்தான். “சித்தி, வாங்க” என்று தோளில் சாய்த்துக்கொண்டு, நிச்சயத்துக்குப் பூ கட்டி வைத்திருந்த காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பெற்றவள் நான் தரையில் கிடக்கிறேன். போகும்போது அவன் அப்பாவிடம் சொன்னது, “அம்மாவை நீங்க ஆட்டோவில கூட்டிட்டு வாங்க” என்று. ஆட்டோவில்!

நிச்சயம் நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று பேசுகிறார்கள். சம்பந்தியம்மாள் மண்டபத்திலிருந்து நேராக இங்கே வந்தார். இதே பெஞ்சில் நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, “மூத்தவங்களுக்கு எப்படி இருக்குது?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அவரை விட்டார்கள். எங்கிருந்தோ வந்தவரை விட்டார்கள்.

என்னை ஏன் விடவில்லை? டாக்டர் தலையைப் பார்த்தாராம். கலரால் வெந்தது வேறே, இந்தக் காயம் வேறே, இது என்ன என்று கேட்டாராம். தொடையில் இருந்த கன்றிப்போன தடத்தை நர்ஸ் பார்த்தாளாம். அதனால்தான் போலீஸ் வரைக்கும். அதுகூடப் பரவாயில்லை. நர்ஸ் கேட்டிருக்கிறாள், “கூடப்பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?” என்று. வழக்கமாகக் கேட்கிறதுதானே. இவள் சொல்லியிருக்கிறாள், “இல்ல. அக்கா தம்பி யாரும் கிடையாது. இந்தப் பையன் மட்டும்தான்” என்று. நிரஞ்சன் வெளியே வந்து என் முகத்துக்கு நேராக இதைச் சொன்னான். ஊசி மருந்து மயக்கம், உளறியிருப்பாள். உளறல்தான். பெயர், வேலை, விலாசம் எல்லாம் சரியாகச் சொன்னாளாம். அதெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் உளறினாள்.

கண் திரும்பும் என்கிறார்கள். வீக்கம் வடிந்து இமை திறந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார்கள். கொப்புளத்துக்கு மருந்து போடத் தலையை மழிக்க வேண்டுமாம். கேட்டதும் சரியென்றுவிட்டாளாம். அத்தனை பாடுபட்டுத் தேடி எடுத்த நிறம். ஒருத்தர் முழுசாகப் பார்க்கவில்லை.

மணி அடித்துவிட்டான். உங்களை விடுவார்கள், போங்கள், டிபன் கேரியர் ஆறிவிடும். ஒரு நிமிஷம். ஒரு உபகாரம் செய்யுங்கள். பக்கத்துக் கட்டில்தானே. அவளிடம் போய், ‘போலீஸ் வந்தா படியில விழுந்தேன்னு சொல்லச் சொன்னா உங்கக்கா’ என்று... வேண்டாம். அதை விடுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ‘உங்கக்கா கை ரொம்ப வலிக்குதாம்’ என்று சொல்லுங்கள். இல்லை, அதுவும் வேண்டாம், சிரிப்பாள். ‘அக்கா வெளியில உக்காந்திருக்கா’ என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு என்ன சொன்னாள் என்று வந்து சொல்லுங்கள். என்ன, சரிதானே? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஏன் விலகி விலகிப் போகிறீர்கள்? உங்களையா அடித்தேன்? இந்தாங்கம்மா, பேர் தாட்சாயணி, கேட்கிறதா? தாட்சாயணி என்று கூப்பிடாதீர்கள், தாட்சா என்றால்தான் திரும்புவாள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

நர்ஸம்மா. நர்ஸம்மா, ரெண்டு நிமிஷம். நிரஞ்சா... டேய் நிரஞ்சா...

தாட்சா. ஏய் தாட்சா, அக்காடி. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். உனக்குக் கண்ணுதானே தெரியல, காது கேக்கும்ல? அக்கா கிடையாதுன்னு சொன்னியாமே. சரி. சொல்லிக்கோ. இப்ப ஒண்ணு செய். என்னைத் திட்டு. இத்தனை வருஷத்துல நீ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லையேடி. இப்பத் திட்டு. அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி, என் பேரைச் சொல்லித் திட்டு. நான் எதுவும் பேசமாட்டேன், நின்னு கேட்டுக்கறேன். தாட்சா? ஒரு வார்த்தை போதும். திட்டுடி.